டாக்டர், போலீஸ், டீச்சர்: அதற்கப்புறம்?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 32 குழந்தைகள். வாரத்தில் ஒரு பீரியட், 40 நிமிடம், தொழில்களைப் பற்றிச் சொல்லித்தர ஒதுக்கியிருக்கிறார்கள். படம் காட்டிப் பெயர் கேட்கும் குவிஸ் நடத்தினேன். ஆளுக்கொரு வேடம் போட்டு வரச் சொன்னேன். குழந்தைகளுக்கு ஏகக் குஷி. ஆனால் ‘பெரியவர்களாகி என்ன ஆகப்போகிறீர்கள்’ என்று கேட்டால் பழையபடி அதே டாக்டர், போலீஸ், டீச்சர்தான். போன வாரம் ஒரு பையன் நர்ஸ் ஆவேன் என்றான், வகுப்பே சிரித்துவிட்டது. அதிலிருந்து அவன் அந்தப் பீரியடில் வாயே திறப்பதில்லை. இதற்கிடையில் ஒரு மாணவியின் அப்பா, ‘எட்டு வயதில் விளையாட்டு காட்டி வேலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா, அந்த நேரத்தில் கணக்கு போடச் சொல்லுங்கள்’ என்கிறார். எந்த மாதிரி விளையாட்டு சரிப்படும்? அந்தப் பையனுக்கு என்ன செய்வது? உண்மையிலேயே இது சீக்கிரமோ?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். குழந்தைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே, வேண்டாதவற்றைக் கழிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். 3 முதல் 5 வயதில், வேலை என்பது பெரியவர்கள் செய்வது என்ற அளவுக்குப் புரிகிறது. 6 முதல் 8 வயதில் ‘இது ஆம்பளை வேலை, அது பொம்பளை வேலை’ என்ற சல்லடை வருகிறது. 9 முதல் 13 வரை ‘இந்த வேலைக்கு மரியாதை உண்டா’ என்ற சல்லடை. எனக்கு எது பிடிக்கும், எனக்கு எது வரும் என்று ஒருவர் யோசிப்பது ஏறக்குறைய 14-க்கு மேல்தான். அதற்குள் இரண்டு சல்லடையிலும் சலித்து மிச்சமிருப்பதில்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் வகுப்பில் கேட்ட சிரிப்பு அந்த முதல் சல்லடை ஆடிய சத்தம்.

ஆகவே சீக்கிரம் இல்லை. சொல்லப்போனால், இதைவிடப் பொருத்தமான வயது கிடையாது. ஆனால் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். எட்டு வயதுக் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எதையும் அவசரப்பட்டுக் கழித்துவிடாமல் இருந்தால் போதும். அதனால் ‘என்ன ஆகப்போகிறாய்’ என்ற கேள்வியை இந்த ஆண்டு முழுக்க மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்குக் குழந்தை தனக்குத் தெரிந்த நாலு பெயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். பதிலாக ‘இன்றைக்கு என்ன செய்து பார்க்கலாம்’ என்று கேளுங்கள். இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. மார்ஜரி ரோட்ஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ‘அறிவியலாளர் ஆகலாம் வாருங்கள்’ என்று தொடங்கியபோது இருந்ததைவிட, ‘அறிவியல் செய்யலாம் வாருங்கள்’ என்று தொடங்கியபோது சிறுமிகள் அந்த விளையாட்டில் அதிக நேரம் விடாப்பிடியாக இருந்தார்கள். ஆள் யார் என்பதைவிடச் செயல் என்ன என்பது குழந்தைக்குச் சுலபமான வாசல்.

உங்கள் குவிஸும் வேடமும் பலிக்காததற்குக் காரணமும் இதுவே. ஸ்டெதஸ்கோப் என்றால் டாக்டர், தொப்பி என்றால் போலீஸ் என்பதைக் குழந்தைகள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள். தெரிந்ததையே திரும்பச் சொல்ல வைத்தோம். அதோடு, வேடம் என்று வந்துவிட்டால் சீருடை உள்ள வேலைகள் மட்டும்தான் மேடையேறும். சாதாரணச் சட்டையில் உட்கார்ந்து நிலநடுக்கப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன வேடம் போடுவீர்கள்? ஒரு வேலைக்குள் இருப்பது மூன்று சங்கதி: என்ன சிக்கலைத் தீர்க்கிறார், யாரோடு சேர்ந்து தீர்க்கிறார், தப்பாகிவிட்டால் என்ன ஆகும். நல்ல விளையாட்டு இந்த மூன்றில் ஒன்றிலாவது குழந்தையை நிறுத்தி, முடிவெடுக்க வைக்க வேண்டும்.

நான் அடிக்கடி தொடங்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. செலவே கிடையாது. கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வரையுங்கள். இடது ஓரத்தில் ஒரு மேகம். நடுவில் காலி. ‘மேகத்தில் இருந்த தண்ணீர் இந்தக் குழாய்க்கு வருவதற்குள் யார் யார் கை பட்டிருக்கும்?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஓர் அணி. ஒரு முறைக்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். முந்தைய அணி சொன்னதோடு தொடர்பும் சொல்ல வேண்டும். முதலில் ‘பிளம்பர்’ வரும், அப்புறம் ஒரு மௌனம். அங்கே நீங்கள் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கலாம்: ‘சரி, தண்ணீர் கலங்கலாக இருந்தால்?’ படிகாரம் போட்டு அழுக்கைத் திரளவைத்து, மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் கலக்கும் நிலையத்து ஊழியர் வருவார். எவ்வளவு குளோரின்? அதை அளந்து சொல்லும் வேதியியலாளர் வருவார். பம்ப் ஆபரேட்டர், குழாய் வார்ப்பவர், வரைபடம் போடுபவர், மீட்டர் பார்ப்பவர், புகார் போனை எடுப்பவர் என்று பலகை நிரம்பும். குழந்தைகளை எப்போதும் கவர்ந்துவிடும் ஒருவரை நான் கடைசிக்கு வைத்திருப்பேன்: மண்ணுக்கடியில் குழாய் கசிகிறதா என்று கண்டுபிடிப்பவர். ஊர் அடங்கிய ராத்திரியில், குழாயின் மேல் ஒரு கம்பியை வைத்து, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிறார். கசியும் தண்ணீர் சீறும் சத்தம் கம்பி வழியாக வருகிறது. இப்போது அதற்கு மின்னணுக் கருவிகளும் உண்டு. இதைச் சொன்னதும் அத்தனை பேரும் மேசையில் காதை வைத்து, பக்கத்துப் பையன் மறுமுனையில் சுரண்டுவதைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நிமிட ரகளைதான் பாடம்.

உலகத் தொழிலாளர் அமைப்பு தொழில்களை வகைப்படுத்தும் 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் 436 அடிப்படைத் தொழில் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள். எட்டு வயதில் டாக்டர், போலீஸ், டீச்சரைத் தாண்டிப் பத்துப் பெயர் சொல்லக் குழந்தைகள் திணறுகிறார்கள். ஒரு குழாய் 15, 20 வேலைகளைக் காட்டிவிடுகிறது. இன்னொரு முறை குழாய்க்குப் பதில் செருப்பு, அதற்கடுத்த முறை ஜன்னல் கண்ணாடி.

இரண்டாவது, கண்டுபிடிக்கும் ஆட்டம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு குழந்தையின் முதுகில் ஒரு தொழிலின் பெயரை ஒட்டி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளாகக் கேட்டு அந்தக் குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். நான் சேர்க்கச் சொல்வது ஒரே ஒரு விதி, ஆனால் ஆட்டத்தின் உயிர் அதில் இருக்கிறது. மூன்று கேள்விகளுக்குத் தடை: யூனிஃபார்ம் உண்டா, ஆணா பெண்ணா, நிறையச் சம்பளமா. இந்த மூன்றையும் பூட்டிவிட்டால் குழந்தைக்கு வேலைக்குள்தான் நுழைந்தாக வேண்டும். ‘கையால் செய்வதா?’, ‘தனியாகவா, நாலு பேர் சேர்ந்தா?’, ‘ராத்திரியிலும் உண்டா?’, ‘தப்பு நடந்தால் யாருக்காவது அடிபடுமா?’ முதல் நாள் தடுமாறுவார்கள். அதற்காகப் பத்துக் கேள்விகளை ஒரு சார்ட்டில் எழுதித் தொங்கவிடலாம். இரண்டாவது வாரம் சார்ட்டை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, போன் ஆட்டம். இரண்டு குழந்தைகள் முதுகோடு முதுகாக உட்காருகிறார்கள். ஒருவர் அவசர உதவி கேட்டுக் கூப்பிடுபவர். அவர் கையில் ஒரு தெருவின் படம், அதில் ஒரு இடத்தில் புள்ளி. இன்னொருவர் போனை எடுப்பவர். அவர் கையில் அதே படம், புள்ளி இல்லாமல். பேச்சை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். நிஜத்தில் இந்த வேலை செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்றுதான். லைன் துண்டித்துப் போனாலும் இடம் தெரிந்தால் ஆளை அனுப்பலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ‘என்ன ஆச்சு, எப்படி ஆச்சு’ என்று கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையைத் தட்டி ‘லைன் கட்!’ என்று அறிவித்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாம் சுற்றில் ஐந்து அழைப்புச் சீட்டு, இரண்டே ஆம்புலன்ஸ். முழங்கை சிராய்த்தவர், நெஞ்சு வலிக்கிறது என்பவர், மரத்தில் மாட்டிக்கொண்ட பூனை, மயங்கிக் கிடப்பவர், அழுதுகொண்டே இடம் சொல்லத் தெரியாமல் பேசும் குழந்தை. எதற்கு முதலில் அனுப்புவது? பூனைக்காக வாதாட ஒருவராவது இருப்பார். வாதாடட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அண்மையில் வீட்டில் விபத்தோ இழப்போ கண்ட குழந்தை வகுப்பில் இருந்தால் சீட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கூட்டு வேலையைக் காட்ட, காகிதப் பாலம். நாலு பேர் ஓர் அணி. வரைபவர் ஒருவர், அவர் காகிதத்தைத் தொடக் கூடாது. கட்டுபவர் ஒருவர், அவர் திட்டத்தை மாற்றக் கூடாது. பொருள் வாங்குபவரிடம் 20 டோக்கன். ஒரு தாளுக்கு 3, ஒரு துண்டு ஒட்டு நாடாவுக்கு 2. நான்காமவர் சோதிப்பவர், இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்த பாலத்தின் மேல் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குவார். இதில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். ஒரு பள்ளியில் ‘நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டேன். எட்டு அணியில் ஏழில் குரல் பெரிதான பையன்கள் வரைபவர்களாகிவிட்டார்கள், டோக்கன் எண்ணுவது சிறுமிகள் தலையில் விழுந்தது. பாலம் கட்டச் சொல்லித்தர வந்தவன் சல்லடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அன்றிலிருந்து சீட்டுக் குலுக்கல்தான், ஒவ்வொரு சுற்றிலும் பொறுப்பு மாறும். உங்கள் 32 பேருக்குச் சரியாக எட்டு அணி வருகிறது, அது உங்கள் அதிர்ஷ்டம்.

எந்த ஆட்டமானாலும் கடைசிப் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். 30-ஆவது நிமிடத்தில் ஆட்டம் முடியாவிட்டாலும் நிறுத்திவிட்டு வட்டமாக உட்காரவையுங்கள். ஆட்டத்தில் நடந்தது வேலையைப் பற்றிய அறிவாக மாறுவது அந்தப் பேச்சில்தான். ‘யாருக்குக் கோபம் வந்தது?’ என்று தொடங்கினால் எல்லாக் கையும் தூக்கப்படும். பாலத்தில் பெரும்பாலும் சோதித்தவர் மேல்தான் கோபம். ‘அவர் சும்மா சரி என்று சொல்லியிருந்தால்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்; ஆசிரியர்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பரிசு? வேண்டாம் என்பேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள், பிற்பாடு தாமாக விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த குழந்தைகள் அவர்கள். ஸ்டிக்கருக்காகத் தொழில் பெயர் சொல்லும் குழந்தை ஸ்டிக்கரைத்தான் நினைவில் வைத்திருக்கும். அதேபோல் ‘இது புத்திசாலிகளுக்கான ஆட்டம்’ என்று உற்சாகமூட்டவும் வேண்டாம். ஆறேழு வயதிலேயே அப்படி அறிமுகமாகும் ஆட்டத்தில் சிறுமிகளுக்கு ஆர்வம் குறைவதை 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘இது நிறைய முயற்சி செய்பவர்களுக்கான ஆட்டம்’ என்றபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று, பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் ‘உனக்கேற்ற வேலை இதுதான்’ என்று சொல்லும் தாள்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எட்டு வயதில் விருப்பம் மாதத்துக்கொரு தடவை மாறும், மாறவும் வேண்டும்.

இப்போது அந்தப் பையன்.

சிரிப்பு எழுந்த அந்த நொடியில் ‘சிரிக்கக் கூடாது, எல்லா வேலையும் சமம்’ என்று நாம் எல்லோருமே சொல்லிவிடுகிறோம். சொன்னதும் அவன் ‘பாதுகாக்கப்பட வேண்டியவன்’ ஆகிவிடுகிறான், அது சிரிப்பைவிடக் கனமானது. அவனை எழுப்பி விளக்கம் கேட்கவும் வேண்டாம். வேலையையே வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். நர்ஸ் ஒருவரின் ஒரு மணி நேரத்தை ஆட்டமாக்கலாம்: ஆறு நோயாளிச் சீட்டுகள்; ஒவ்வொருவருக்கும் மருந்து தரவேண்டிய நேரம் வேறு, ஒருவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது, நடுவில் ஓர் அழைப்பு மணி அடிக்கும். மருந்து கொடுக்குமுன் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் சரிபார்ப்பது நர்ஸ்களுக்குக் கற்றுத்தரப்படும் பாலபாடம். அந்த ஐந்தையும் விரல் விட்டு எண்ணச் சொல்லி நேரம் வைத்துப் பாருங்கள். சிரித்தவர்கள் வியர்த்துவிடுவார்கள். நீங்கள் அந்தப் பையன் பெயரை ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

பேச்சிலும் ஒரு கவனம். தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது: ஓட்டுநர், செவிலியர், பொறியாளர், காவலர் என்று ‘அர்’ போட்டால் ஆணும் பெண்ணும் அடங்கிவிடுவார்கள். ஆனால் வாயில் வருவது ‘டிரைவர் அண்ணா’, ‘நர்ஸ் அக்கா’, ‘ஆயாம்மா’, ‘வாட்ச்மேன் தாத்தா’. அன்பாகத்தான் சொல்கிறோம், கூடவே ஆண் பெண் கணக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜெர்மன், டச்சு பேசும் குழந்தைகளிடம் நடத்திய சோதனைகளில், தொழிலின் ஆண்பால் பெயரோடு பெண்பால் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது, ‘ஆண் வேலை’ எனப்படுபவை தங்களாலும் முடியும் என்று குழந்தைகள் கூடுதலாக நம்பினார்கள். ஆட்டச் சீட்டுகளில் ‘அர்’ விகுதியே இருக்கட்டும். சீட்டில் படம் போட்டால் இரண்டும் கலந்து வரட்டும். சில இடத்தில் விகுதி மட்டும் போதாது. ‘தீயணைப்பு வீரர்’ என்றால் எல்லோர் மனசிலும் மீசைதான் வருகிறது.

மீசையைப் போக்க வார்த்தையைவிட ஆள் வருவது நல்லது. 2016-ல் இங்கிலாந்தில் ஒரு வகுப்பில் தீயணைப்பவர், அறுவை சிகிச்சை நிபுணர், போர் விமானி மூவரையும் வரையச் சொன்னார்கள். 66 படங்களில் 61 ஆண்கள், 5 பெண்கள். பிறகு அந்த மூன்று வேலையும் செய்யும் மூவர் கதவைத் திறந்து வந்தார்கள், மூவரும் பெண்கள். இதையே ஆட்டமாக்கலாம். ஒருவரைச் சாதாரண உடையில் வரச்சொல்லி, நமது ஆம்-இல்லை ஆட்டத்தால் அவர் வேலையைக் குழந்தைகள் கண்டுபிடிக்கட்டும். ஆண் நர்ஸ் ஒருவர் கிடைத்தால் நல்லது, ஆனால் அவரையே முதல் விருந்தினராக அழைக்காதீர்கள், பூசி மெழுகுவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதாக வரட்டும். வருபவரிடம் இரண்டே வேண்டுகோள்: தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டுவரவேண்டும், வேலையில் செய்த ஒரு தப்பையும் அதை எப்படிச் சரிசெய்தார் என்பதையும் சொல்லவேண்டும். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பு போதும். 2018-ல் 20 நாடுகளில் 7 முதல் 11 வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய 20,000 பேர் தாம் செய்ய விரும்பும் வேலையை வரைந்தார்கள். அந்த வேலையைப் பற்றிப் பள்ளிக்கு வந்த ஒருவர் மூலம் தெரிந்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

‘உன் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள்’ என்பதில் தொடங்கும் ஆட்டம் மட்டும் வேண்டாம். வேலை போனவர் வீட்டுக் குழந்தை இருக்கும், பெற்றோர் இல்லாத குழந்தை இருக்கும், அம்மா செய்யும் வேலையைச் சொல்லக் கூசும் குழந்தையும் இருக்கும். ‘இந்த வாரம் யாராவது வேலை செய்வதை நின்று பார்த்தாயா’ என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரு பதில் உண்டு. தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் அத்தையும் அதில் வரலாம். சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாராவது சொன்னால், அடுத்த பத்து நிமிடப் பேச்சு உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அந்த அப்பாவிடம் வாதம் வேண்டாம். ஒருநாள் பாலம் கட்டும் பீரியடுக்கு அழையுங்கள். 20 டோக்கனுக்குள் தாள் எத்தனை, ஒட்டு நாடா எத்தனை என்று மகள் கணக்குப் போடுவதை அவரே பார்க்கட்டும். அதற்கு மேலும் கேட்டால் ஒரு தகவல் சொல்லலாம்: 2018-ல் பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டபோது, பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்தே வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். மகளுக்குப் பதினோராவது வேலை ஒன்றும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லுங்கள். அவருடைய வேலை என்னவென்றும் கேட்டுப் பாருங்கள், உங்கள் அடுத்த விருந்தினர் அவராகவே இருக்கலாம்.

வரும் வாரம் குழாயில் தொடங்குங்கள். அதற்கடுத்த இரண்டு வாரம் முதுகுச் சீட்டு, பிறகு போன், அதற்கப்புறம் நர்ஸின் ஒரு மணி நேரம். பாலத்துக்கு அவசரமில்லை. ஒரு நோட்டில் குழந்தைகள் சொல்லும் பதில்களை விட்டுவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் குறித்து வாருங்கள். போன் ஆட்டத்தில் போனை எடுப்பவராக அந்தப் பையனுக்கும் ஒரு முறை சீட்டு விழும். எதிரே முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது அவனுக்கு இப்போது சுலபமாக இருக்கலாம்.